நூறு மில்லிகிராம் எதன் எடை?

கொள்ளிட முகத்துவாரத்தில் தொடங்கி தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கோடியக்கரை வரை நீளும் கரையில், இறால் குட்டைத் தண்ணீரைப் பற்றிப் பேசாத ஊர் குறைவு. பேச்சில் வருவது பெரும்பாலும் உப்பு, அம்மோனியா, ஆக்சிஜன், வெள்ளைப்புள்ளி நோய். தண்ணீரின் கலங்கல் பற்றிய பேச்சு ஒரு தகராறு வரும்போதுதான் எழுகிறது. வாய்க்காலில் சேறு இறங்கிவிட்டது என்று ஒரு தரப்பு சொல்லும். எண் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று மறு தரப்பு ஆய்வகச் சீட்டை நீட்டும். அந்தச் சீட்டில் ‘மொத்த மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று ஒரு வரி இருக்கும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியை மட்டுமே. என் கட்சி இதுதான்: எதில் வடிகட்டினோம், எப்படிக் கழுவினோம், எந்த நேரத்தில் தண்ணீரை மொண்டோம் என்பவை சேர்ந்துதான் அந்த எண்ணை உண்டாக்குகின்றன. இவற்றைச் சொல்லாத சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பண்ணை மீது குற்றம் சாட்டவும் முடியாது, அதற்கு நற்சான்று கொடுக்கவும் முடியாது.

இந்த வரி நம் ஊர்ச் சீட்டுகளில் வந்து உட்கார்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புலி இறால் வளர்ப்பு இந்தக் கரையில் வேகமாகப் பரவியபோது, நெல் வயல் உவராகிறது, குடிநீர்க் கிணறு கரிக்கிறது, கழிவுநீர் முகத்துவாரத்தில் கலக்கிறது என்ற புகார்கள் எழுந்தன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், பாரம்பரிய முறைகள் நீங்கலாக, இறால் குட்டைகள் கூடாது என்றது அத்தீர்ப்பு. பிறகு 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஆணையம் அமைக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் வெளியான நெறிமுறைகள் பண்ணையிலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன. 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி வந்தபோது கூடுதலாக ஒரு நிபந்தனையும் வந்தது: பண்ணை சிறியதோ பெரியதோ, கழிவுநீரைத் தேக்கும் குட்டை கட்டாயம், அறுவடை நீரை அதில் இரண்டு நாள் நிறுத்திய பிறகே வெளியே விட வேண்டும். வனாமி வளர்ப்பில் மிதக்கும் துகள் அதிகம் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிரிவேதி ஆக்சிஜன் தேவைக்கு அதே நெறிமுறைகள் கடலில் விட்டால் 50, கழியிலோ முகத்துவாரத்திலோ விட்டால் 20 என்று இரண்டு வரம்பு வைத்தன. திடப்பொருளுக்கு மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒரே 100. அலை அடிக்கும் திறந்த கடலையும், கோடையில் வாய் அடைபட்டுக் கிடக்கும் உப்பனாற்றையும் ஒரே கோலால் அளந்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வரம்பைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன், அந்த 100 எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

முறை எளிமையானது. கண்ணாடி இழையால் ஆன வடிதாளைக் கழுவி, உலர்த்தி, நிறுத்து வைத்துக்கொள்கிறோம். நன்றாகக் கலக்கிய நீரில் அளந்த அளவை எடுத்து, உறிஞ்சு பம்பு வைத்து அதன் வழியே இறக்குகிறோம். வடிதாளை 103 முதல் 105 டிகிரி வெப்பத்தில் காயவைத்து, டெசிக்கேட்டரில் ஆறவிட்டு, மறுபடி நிறுக்கிறோம். எடை மாறாமல் நிற்கும் வரை காயவைப்பதும் நிறுப்பதும் தொடரும். கூடிய எடையை வடிகட்டிய நீரின் அளவால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். உலகெங்கும் இதுதான் நடைமுறை. வடிதாளின் துளை 2 மைக்ரானுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆனால் கடையில் கிடைக்கும் தாள்களில் 1.5 மைக்ரானும் உண்டு, 1.2 மைக்ரானும் உண்டு, 0.7 மைக்ரானும் உண்டு. காவிரிப் படுகையின் களிமண்ணில் கணிசமான பங்கு 2 மைக்ரானுக்குக் கீழே இருப்பது. அதில் எவ்வளவு தாளில் தங்கும், எவ்வளவு நழுவும் என்பது தாளைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, வடிகட்ட வடிகட்டத் துளைகள் அடைபட்டு, முதலில் நழுவியது பிறகு தங்கத் தொடங்கும். ஆகவே இரண்டு ஆய்வகங்கள் ஒரே குட்டை நீருக்கு இரண்டு எண் கொடுத்தால், இரண்டில் ஒன்று பொய்ச் சீட்டு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

இதெல்லாம் நன்னீருக்கும் பொருந்தும். உவர்நீருக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. என் கட்சியின் முக்கால் பங்கு அதில்தான் நிற்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வடிகட்டி முடித்த தாள் ஈரமாகவே இருக்கும். அதில் அரை மில்லி நீர் ஊறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மில்லியில் 17.5 மில்லிகிராம் உப்பு. ஓவனில் தண்ணீர் போய்விடும், உப்பு தாளிலேயே தங்கிவிடும். வடிகட்டியது 200 மில்லி என்றால், இந்த உப்பு மட்டுமே லிட்டருக்கு 87.5 மில்லிகிராம் என்று கணக்கில் ஏறும். வரம்பு 100 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். லிட்டருக்கு வெறும் 20 மில்லிகிராம் துகள் உள்ள தெளிந்த நீர் 107.5 என்று பதிவாகி, வரம்பை மீறியதாகிவிடுகிறது. உப்பு 15 கிராமாக உள்ள குட்டையில் இதே தவறு 37.5 மில்லிகிராமைக் கூட்டும். சாக்கின் எடையைக் கழிக்காமல் நெல்லை நிறுத்த கதைதான். இதில் இன்னும் மோசம் என்னவென்றால், சாக்கின் எடை இங்கே மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரையில் குட்டை உப்பேறும், ஐப்பசி மழையில் இறங்கும். பிழையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், பிழையைப் பார்த்து இது பருவகால மாற்றம் என்று ஒருவர் கட்டுரையே எழுதிவிடலாம்.

பரிகாரம், காய்ச்சி வடித்த நீரால் தாளைக் கழுவுவது. கழுவுவது என்றால் பெயருக்கு ஒரு சொட்டு விடுவதல்ல. புனலின் விளிம்புக்கு அடியில் அழுந்தியிருக்கும் தாளின் ஓரத்தில் உப்பு பதுங்கும், அந்த ஓரத்துக்கும் நீர் போய்ச் சேர வேண்டும். கழுவி இறங்கும் நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தால், குளோரைடு மிச்சம் இருக்கும் வரை வெண்மையாகக் கலங்கும்; கலங்காமல் நின்றால் உப்பு போய்விட்டது என்று பொருள். அதைவிட உறுதியானது வெற்றுச் சோதனை. ஏற்கெனவே வடிகட்டித் துகள் நீக்கிய அதே உப்புத்தன்மை கொண்ட நீரை, புதுத் தாளில் அதே அளவு இறக்கி, அதே மாதிரி கழுவி, காயவைத்து நிறுக்க வேண்டும். எடை கூடவில்லை என்றால் கழுவல் சரி. கூடினால் அந்தக் கூடுதல் எல்லாச் சீட்டுகளிலும் ஒளிந்திருக்கிறது. கழுவுவதிலும் ஓர் அபாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உவர்நீர்ப் பாசியின் மீது நன்னீர் பட்டால் செல் உப்பி வெடித்து, உள்ளிருப்பதில் கொஞ்சம் தாளுக்குக் கீழே ஒழுகிப் போகும். அதனால் கடலாய்வு செய்பவர்களில் சிலர் அம்மோனியம் ஃபார்மேட் கரைசலால் கழுவுகிறார்கள். அது உப்பின் அடர்த்தியோடு ஒத்துப்போகும், பிறகு ஓவனில் ஆவியாகிவிடும். பண்ணை நீருக்கு அந்த அளவு நுணுக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. பாசியில் இழக்கும் சில மில்லிகிராம், உப்பில் ஏறும் பல பத்து மில்லிகிராமோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

வடிகட்டாமலே குறுக்கு வழியில் போகிறவர்களும் உண்டு. முழு நீரையும் கொதிக்கவைத்து வற்றவிட்டு மொத்தத் திடப்பொருளை நிறுப்பார்கள், கரைந்ததை வேறொரு வழியில் கண்டுபிடித்துக் கழிப்பார்கள். குடிநீரிலும் சாக்கடை நீரிலும் இது ஒருவேளை தப்பிக்கலாம். முப்பத்தைந்தாயிரம் மில்லிகிராம் உப்பு உள்ள நீரில் ஒரு சதவீதப் பிழை என்றால் 350 மில்லிகிராம். தேடுகிற பொருளே 50, 100 என்று இருக்கும்போது இந்தக் கழித்தலில் கிடைப்பது வெறும் இரைச்சல். இன்னொரு குழப்பமும் பரவலாக இருக்கிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டரை நீரில் தொட்டுவிட்டு, கலங்கலை அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. அந்தக் கருவி மின்கடத்தலை வைத்துக் கரைந்த உப்பைச் சொல்வது. சேறு குழம்பாக ஓடினாலும் அதற்குத் தெரியாது.

சரி, தாளை ஒழுங்காகக் கழுவி, சரியாக நிறுத்து, 180 என்று ஓர் எண் வந்துவிட்டது. அது எதன் எடை? இறால் குட்டையில் மிதப்பவை ஒரு வகையைச் சேர்ந்தவை அல்ல. கரையிலிருந்தும் அடித்தரையிலிருந்தும் அரித்து எழும்பிய களிமண் இருக்கும். உயிருள்ள பாசி இருக்கும். பாக்டீரியா, செத்த பாசி, தீவனத் துணுக்கு, இறாலின் எச்சம் எல்லாம் சேர்ந்து கட்டிய துணுக்குகள் இருக்கும். துடுப்புச் சக்கர ஏரேட்டர் சுற்றச் சுற்ற, அதன் நீரோட்டம் கரையின் அடிப்பகுதியை அறுத்து மண்ணைத் தூக்குகிறது. குட்டை வடிகால் நீரில் உள்ள திடப்பொருளில் பெரும்பங்கு பல இடங்களில் தீவனக் கழிவே அல்ல, பண்ணையின் சொந்த மண்தான் என்பதை அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக் கிளாட் பாய்டு நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார். இது சின்ன வேறுபாடு அல்ல. 180 மில்லிகிராம் களிமண் வாய்க்காலைத் தூர்க்கும், ஆனால் ஆக்சிஜனைத் தின்னாது. 180 மில்லிகிராம் அழுகும் பொருள் வாய்க்காலைத் தூர்ப்பது குறைவு, ஆனால் இரவோடு இரவாக அங்கே உள்ள மீனை மூச்சுத்திணற வைக்கும். முதலாவதற்கு மருந்து கரையில் புல் வளர்ப்பதும் ஏரேட்டரை இடம் மாற்றி வைப்பதும். இரண்டாவதற்கு மருந்து தீவனத்தைக் குறைப்பது. எண் ஒன்றேயானாலும் செய்ய வேண்டிய வேலை வேறு.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நிறுத்த வடிதாளையே மஃபிள் உலையில் 550 டிகிரியில் வைத்தால் உயிர்ப்பொருள் எரிந்துபோகும், மண் மிஞ்சும். குறைந்த எடை எரிந்த பங்கு. கூடுதல் செலவு ஒரு மணி நேர உலை நேரமும் இன்னொரு நிறுத்தலும்தான். இவ்வளவு மலிவான தகவலை நம் சீட்டுகள் பெரும்பாலும் கேட்பதில்லை. இதிலும் இரண்டு எச்சரிக்கை. சாதாரண உப்பு 801 டிகிரியில்தான் உருகும் என்பதால் அது 550இல் எரிந்து காணாமல் போகாது. ஆனால் கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு 105 டிகிரியில் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் நீரை 550இல் விட்டுவிடும். கழுவாத தாளில் அந்த இழப்பு உயிர்ப்பொருளாக எழுதப்படும். இரண்டாவது, களிமண் கனிமங்களின் உள்ளே கட்டுண்ட நீரும் இந்த வெப்பத்தில் வெளியேறும். கயோலினைட் என்ற களிமண் இப்படித் தன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதத்தை இழக்கக்கூடியது. ஆகவே களிமண் நிறைந்த குட்டையில் ‘எரிந்தது 15 சதவீதம்’ என்றால் அதில் உயிர்ப்பொருள் அநேகமாக ஏதுமில்லாமலும் இருக்கலாம். அந்தந்தப் பண்ணையின் காய்ந்த கரைமண்ணை ஒரு முறை உலையில் வைத்துப் பார்த்து, அதன் இழப்பைக் கழித்துக்கொண்டால் தெளிவு வந்துவிடும்.

பயோஃப்ளாக் முறையில் இந்தப் பிரச்சினை தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே திடப்பொருளை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். வெல்லப்பாகு போன்ற கரிமப் பொருளை ஊற்றி, அம்மோனியாவை பாக்டீரியா உண்ணும்படி செய்து, அந்தத் துணுக்குகளையே இறாலுக்கு உபதீவனமாக்குகிறார்கள். அவை மிகக் குறைந்தால் அம்மோனியா கட்டுப்படாது. மிகக் கூடினால் ஆக்சிஜனைக் குடித்துவிடும், இறாலின் செவுளில் அடையும். லிட்டருக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வாய்க்காலில் குற்றமான எண் தொட்டிக்குள் இலக்காகிவிடுகிறது. தினமும் ஓவன் வைத்து நிறுக்க முடியாது என்பதால் பண்ணையில் இம்ஹாஃப் கூம்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் நீரைக் கூம்பில் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் எத்தனை மில்லி படிந்தது என்று படிக்கிறார்கள். இது மிக நல்ல பழக்கம். ஆனால் கூம்பு காட்டுவது கன அளவு, எடை அல்ல. இழை இழையாக வளரும் பாக்டீரியா பெருகிவிட்டால் துணுக்கு பஞ்சாக உப்பி, அதே எடை இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள நீர் ஒரு வாரம் கூம்பில் 10 மில்லி காட்டும், மறுவாரம் 20 மில்லி காட்டும். கூம்பை மட்டும் நம்புகிறவர் திடப்பொருள் இரட்டித்துவிட்டது என்று பாதித் தண்ணீரை வெளியே விடுவார். தராசை மட்டும் நம்புகிறவர் ஒன்றும் மாறவில்லை என்று சும்மா இருப்பார். இருவரும் தவறு. மில்லியை கிராமால் வகுத்தால் முதல் வாரம் 50, இரண்டாம் வாரம் 100. துணுக்கின் தன்மை கெட்டு வருகிறது என்பதுதான் செய்தி. கழிவுநீர் நிலையங்களில் இந்த விகிதத்தை வைத்துத்தான் தொட்டியின் உடல்நலத்தைப் பார்க்கிறார்கள். வாரம் ஒரு நிறுத்தல், தினம் ஒரு கூம்பு என்று வைத்துக்கொண்டால் பண்ணைக்கும் அது சாத்தியம். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்கு அதிகம் தெரியவருகிறது.

ஒளியை வைத்து அளக்கும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த தட்டு இன்றும் நம் குட்டைகளில் இறங்குகிறது. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்பதே அளவு. பாசி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று தினமும் பார்க்க அதைவிட மலிவான கருவி கிடையாது, நீர் பச்சையாக இருக்கும் வரை. மழைக்குப் பிறகு செம்மண் நிறமாக மாறிவிட்டால் அதே முப்பது சென்டிமீட்டர் வேறு பொருளைச் சொல்கிறது. எலக்ட்ரானிக் கலங்கல்மானிகளும் இப்படித்தான். அவை துகளில் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கின்றன. ஒரே எடையில், நுண்ணிய களிமண் பருத்த துணுக்கைவிடப் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கலங்கல் அலகை மில்லிகிராமாக மாற்ற உலகப் பொதுவான சூத்திரம் எதுவும் இல்லை. அந்தக் குட்டைக்கு, அந்தப் பருவத்துக்கு என்று தராசோடு ஒப்பிட்டு ஒரு கோடு வரைந்துகொள்ள வேண்டும். கருவியின் கண்ணாடியில் பாசி படிந்தாலும், ஏரேட்டரின் காற்றுக்குமிழி குறுக்கே போனாலும் அது பதறி எண்ணை ஏற்றும். சென்சார் வந்துவிட்டது, இனி தராசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சென்சாருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே தராசுதான்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஒரு ஹெக்டேர் குட்டை, ஆழம் 1.2 மீட்டர் என்றால் 12,000 கன மீட்டர் நீர். அறுவடையில் மதகைத் திறந்ததும் முதலில் போவது மேல்நீர். அது பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். கடைசியில் வடியும் நீர் தரையைச் சுரண்டிக்கொண்டு, ஆட்கள் இறங்கி இறாலை வாரும் சேற்றைக் கலக்கிக்கொண்டு வரும். ஒரு கணக்குக்காக, முதல் 85 சதவீத நீரில் லிட்டருக்கு 60 மில்லிகிராம், கடைசி 15 சதவீதத்தில் 1000 என்று வைப்போம். முதல் பகுதி வெளியேற்றுவது 612 கிலோ. கடைசி 1800 கன மீட்டர் மட்டும் 1800 கிலோ. மொத்தம் 2412 கிலோ, சராசரி லிட்டருக்கு 201. காலை எட்டு மணிக்கு அதிகாரி வந்து ஒரு பாட்டில் எடுத்தால் சீட்டு 60 என்று சொல்லும், பண்ணை சட்டத்துக்கு உட்பட்டது. மாலையில் வந்தால் 1000, பண்ணையை மூட வேண்டியது. பண்ணையும் நாளும் ஒன்றே. அந்த வாய்க்காலுக்கு உண்மையில் நேர்ந்தது இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த சேறு. அந்தச் செய்தி இரண்டு சீட்டிலும் இல்லை. இதே கணக்கு தேக்கக் குட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. நிலம் குறைந்த விவசாயி முழு 12,000 கன மீட்டரையும் தேக்க முடியாமல் திணறலாம். கடைசி 1800ஐத் தேக்கினாலே முக்கால் பங்குச் சேறு பிடிபடும்.

இரண்டு நாள் தேக்கு என்ற விதியையும் இந்த இடத்திலேயே உரசிப் பார்க்கலாம். துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது ஸ்டோக்ஸின் விதி. நம் ஊர் வெப்பத்தில், 20 மைக்ரான் மண்துகள் மணிக்கு ஒன்றரை மீட்டர் இறங்கும். 5 மைக்ரான் துகள் நாளுக்கு இரண்டு மீட்டருக்கு மேல். 2 மைக்ரான் களிமண் நாளுக்கு நாற்பது சென்டிமீட்டர்கூட இறங்காது. ஆக 1.2 மீட்டர் ஆழக் குட்டையில், காற்று அலைக்காமல் இருந்தால், இரண்டு நாள் என்பது 5 மைக்ரானுக்கு மேற்பட்டதை எல்லாம் தாராளமாகப் படியவைக்கும். மெல்லிய களிமண் தனித்தனியாக நின்றால் படியாது. உவர்நீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருப்பதால் விதி நடைமுறையில் இதைவிட நன்றாகவே வேலை செய்யும். நீரைவிட மிகச் சொற்பமே கனமான பாக்டீரியாத் துணுக்குகளும் உயிருள்ள பாசியும் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. தேக்கக் குட்டையிலிருந்து வெளியேறும் நீரில் இரண்டாம் நாளும் 120 இருக்கிறது என்றால், அது படியாத களிமண்ணா, அங்கேயே புதிதாக வளர்ந்த பாசியா என்பதை உலைதான் சொல்ல வேண்டும். பாசி என்றால், மூன்றாம் நாள் நான்காம் நாள் என்று தேக்கிக்கொண்டே போனால் எண் ஏறத்தான் செய்யும்.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது சட்டத்தின் பக்கத்திலிருந்து வருவது. விதி எளிமையாக இருந்தால்தான் அமல்படுத்த முடியும். வடிதாள், கழுவல், எரிந்த பங்கு, நேரம் என்று நிபந்தனைகளை அடுக்கினால், நல்ல வக்கீல் வைத்திருக்கும் பண்ணைக்காரர் எல்லாச் சீட்டையும் உடைத்துவிடுவார் என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் இன்று நடப்பதைப் பாருங்கள். கழுவிய விவரம் இல்லாத சீட்டைத்தான் வக்கீலால் சுலபமாக உடைக்க முடியும். வெற்றுச் சோதனையின் விடையைப் பக்கத்திலேயே எழுதிய சீட்டை உடைப்பது கடினம். செறிவை மட்டும் பார்க்கும் வரம்பில் இன்னொரு ஓட்டையும் உண்டு. லிட்டருக்கு 200 இருக்கும் நீரில், முகத்துவாரத்திலிருந்து அதே அளவு தெளிந்த நீரை இறைத்துக் கலந்தால் 100 ஆகிவிடும். டீசல் செலவு கூடும், சேறு ஒரு கிலோகூடக் குறையாது, சட்டம் திருப்தி அடைந்துவிடும். செறிவோடு வெளியேறிய நீரின் அளவையும் கேட்டு, ஓர் அறுவடைக்கு ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டால் இந்த ஓட்டை அடைபடும். நான் கேட்பது பண்ணைக்குச் சலுகையே அல்ல. சில பண்ணைகளுக்கு இது இன்றுள்ளதைவிடக் கடுமையான கணக்கு.

மறுபக்கத்து ஆட்சேபம் பண்ணை நடத்துபவர்களுடையது. வைரஸுக்கும் விலை வீழ்ச்சிக்கும் நடுவே நிற்கிறவனிடம் வடிதாளையும் மஃபிள் உலையையும் பற்றிப் பேசுகிறீர்களே என்று அவர்கள் கேட்கலாம். ஒவ்வொரு குட்டைக்கும் உலை வாங்கச் சொல்லவில்லை. பண்ணையில் கூம்பும் தட்டும் போதும். ஒரு வளர்ப்புப் பருவத்தில் சில முறை மட்டும், நாலைந்து பண்ணைகள் சேர்ந்து, நல்ல தராசுள்ள ஆய்வகத்தில் நிறுத்து, தங்கள் கூம்பு அளவோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும். இறக்கும் தீவனத்தில் எவ்வளவு பங்கு மிதந்து வீணாகிறது என்பதற்கு எரிந்த பங்கும் ஒரு சாட்சி. பண்ணைச் செலவில் மிகப் பெரியது தீவனம் என்பதால் இந்தச் சாட்சிக்குப் பணமதிப்பும் உண்டு.

எடுக்கும் நீரே கலங்கலாக இருந்தால் வெளியே விடும் நீருக்கு நான் எப்படிப் பொறுப்பு என்பது அவர்களின் அடுத்த கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் ஆறு இறங்கும் மாதங்களில் இது உண்மையான கேள்வி. அதனால்தான் உள்ளே வரும் நீரையும் அதே நாளில், அதே முறையில் நிறுத்து, வித்தியாசத்தைப் பண்ணையின் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன். சேற்று நீரை ஏற்றித் தெளியவைத்து விடுகிற பண்ணைக்கு அந்த வித்தியாசம் கழித்தலாகக்கூட வரலாம். ஆழ்குழாய் உவர்நீரை நம்பும் பண்ணைகள் மட்டும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கரைந்த இரும்பு உள்ள நீர் குழாயிலிருந்து வரும்போது கண்ணாடி போல் இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகத் திரண்டு மிதக்கும். குழாயடியில் பிடித்த பாட்டில் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் செம்மை தட்டி, இல்லாத திடப்பொருளைக் காட்டும். பாட்டிலை உடனே வடிகட்ட முடியாவிட்டால் குளிரில் வைத்து ஏழு நாளுக்குள் நிறுக்கலாம் என்ற பொது விதி, இந்த நீருக்கு உதவாது. இறைத்த உடன் அந்த இடத்திலேயே வடிகட்டிவிட வேண்டும்.

கடைசியாக, தேக்கக் குட்டையின் அடியில் படிந்ததைப் பற்றி. மேலே சொன்ன கணக்கில் ஓர் அறுவடைக்கு ஒரு ஹெக்டேருக்கு இரண்டு டன் அளவுக்குக் காய்ந்த எடைச் சேறு அங்கே தங்குகிறது. ஈரத்தோடு பார்த்தால் அது பல மடங்கு. பருவங்கள் பல கழித்துத் தேக்கக் குட்டை ஆழம் குறைந்து, தேக்கும் நேரமும் குறைந்துவிடும். அப்போது தூர்வாரியாக வேண்டும். வாரிய சேற்றைக் கரையில் குவித்தால் அடுத்த ஐப்பசி மழை அதை வாய்க்காலுக்கே கொண்டுபோகும், அதுவும் அறுவடை இல்லாத, யாரும் பாட்டில் எடுத்து வராத ஒரு நாளில். உப்பு ஏறிய அந்தச் சேறு வயலுக்கும் உதவாது. ஆகவே பண்ணைப் பதிவேட்டில் நீரின் வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேர வேண்டும்: தேக்கக் குட்டையின் ஆழம் இன்று எவ்வளவு, எத்தனை டிராக்டர் சேறு வாரினார்கள், எங்கே கொட்டினார்கள். இதற்குத் தராசுகூட வேண்டாம், ஒரு மூங்கில் கழி போதும்.